ஐயாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே அத்தர்

பட்டணத்து வாசனைக் கடைக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரிகள். ஒரு பக்கம் ஆண்களுக்கு, மறுபக்கம் பெண்களுக்கு என்று பிரித்து அடுக்கியிருப்பார்கள். பூ வாசனையும் பழ வாசனையும் பெண்கள் பக்கம். எலுமிச்சையும் சவரச் சோப்பு நெடியும் ஆண்கள் பக்கம். இந்த இரண்டு பக்கத்திலும் சேராமல், பணப்பெட்டிக்கு அருகிலேயே, பூட்டுப் போட்ட சின்னப் பெட்டிக்குள் சில குப்பிகள் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சுண்டுவிரல் உயரம்தான் இருக்கும். உள்ளே கறுத்த தேன் போல ஓர் எண்ணெய். அதைக் கணவன் பூசிக்கொண்டாலும் சரி, மனைவி பூசிக்கொண்டாலும் சரி, ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அதுதான் அகில் அத்தர். மலாய்க்காரர்கள் காஹாரு என்பார்கள். அரபு மொழியில் ஊது. அந்தச் சொல்லுக்குக் கட்டை என்றுதான் பொருள். நாம் ஊதுவத்தி என்கிறோமே, அதன் முதற்பாதியும் இந்த அரபுச் சொல்லே. வாயால் ஊதி அணைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

வாசனையை எழுத்தில் சொல்வது கஷ்டம். ஆனாலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்குச் சொல்வது எனக்குச் சுலபம். ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடம் நினைவிருக்கிறதா? ஆசிட் ஊற்றி உறையவைத்த பாலின் புளிப்பு நெடி, அதன்மேல் நாள்கணக்கில் ஏறிய விறகுப் புகை, சுவர்ப் பலகையில் ஊறிப்போன கருமை. கதவைத் திறந்தவுடன் மூக்கில் அடிக்கும்; பத்து நிமிடம் உள்ளே நின்றால் பழகிவிடும்; வீட்டுக்கு வந்த பிறகும் சட்டையில் இருக்கும். இந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, நாற்றத்தை எடுத்துவிட்டு, கொஞ்சம் தேனும் கொஞ்சம் பழைய சந்தனப் பெட்டியும் சேர்த்தால் அகிலுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். நல்ல அகில் எண்ணெயை முதன்முதலில் முகர்கிறவர்கள் பெரும்பாலும் முகத்தைச் சுளிப்பார்கள். "மருந்துக்கடை மாதிரி இருக்கிறது" என்பார் ஒருவர். "மாட்டுக் கொட்டகை" என்பார் இன்னொருவர். இருவரும் சொல்வது சரிதான். அரை மணி நேரம் கழித்து அதே கையை மறுபடி முகரச் சொல்லுங்கள்!

பால்மரமும் காராஸ் மரமும்

இந்த வாசனை எங்கிருந்து வருகிறது? நம் நாட்டுக் காடுகளிலேயே வளரும் மரம் ஒன்றிலிருந்துதான். மலாயில் காராஸ் என்பார்கள். தாவர நூல்களில் அதன் பெயர் அக்குவிலேரியா மலாக்கென்சிஸ். பெயரிலேயே நம் மலாக்கா இருப்பதைக் கவனியுங்கள்.

ஆரோக்கியமான காராஸ் மரத்தை வெட்டிப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். வெளுத்த, எடை குறைந்த, மணமே இல்லாத கட்டை. பெட்டி செய்யக்கூட அவ்வளவாக உதவாது. அந்த மரத்துக்குக் காயம் பட வேண்டும். கிளை முறிந்தோ, பூச்சி துளைத்தோ, இடி விழுந்தோ ஒரு புண் உண்டாகி, அதற்குள் பூஞ்சணம் புக வேண்டும். அதை எதிர்க்க மரம் தன் உடம்பிலேயே ஒருவகைப் பிசினை ஊறவைக்கிறது. வெள்ளைக் கட்டை பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும் அந்தக் கறுப்புத்தான் அகில். காட்டில் நிற்கும் எல்லா மரத்திலும் அது இருக்காது. இருக்கிற மரத்திலும் அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் இருக்கும்.

பால்மரத்தைக் கத்தியால் சீவினால் அன்று காலையே மங்கு நிறையும். மறுநாளோ அதற்கு மறுநாளோ மறுபடி சீவலாம். பட்டையைத் தாண்டி ஆழமாக இறங்கிவிட்டால், மரத்தைக் கெடுத்துவிட்டாய் என்று கங்காணி ஏசுவார். காராஸ் மரத்தின் கதை நேர்மாறானது. மரம் கெட்டுப்போன இடத்தில்தான் காசு. ஆனால் அந்தக் காசு மறுநாள் வராது, அடுத்த வருடமும் வராது. இந்த மெதுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாசனையைப் பற்றிய எல்லாமே, பூசுவதும் வாங்குவதும் ஏமாறுவதும்கூட, இந்த மெதுவிலிருந்துதான் வருகிறது.

பிசின் அதிகம் ஏறிய கட்டை கனத்துப்போய் நீரில் மூழ்கும். அதனால்தான் சீனர்கள் இதற்கு மூழ்கும் வாசனை என்று பொருள்படும்படி சென்சியாங் என்று பெயர் வைத்தார்கள்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. பழந்தமிழ்ப் பெண்கள் குளித்த கூந்தலை அகிற்புகையில் உலர்த்தினார்கள் என்பதைச் சங்கப் பாடல்களில் பல இடங்களில் காணலாம். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், மதுரைக் கடைத்தெருவில் கிடைத்த அகில் வகைகளைப் பெயர் சொல்லியே அடுக்குகிறார். அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில். இதில் கிடாரவன் என்பது கிடாரத்திலிருந்து வந்தது. கிடாரம் என்றாலும் கடாரம் என்றாலும் நம் கெடாதான்! நம் பாட்டன் பூட்டன் பால் வெட்டக் கப்பலேறுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்த மண்ணின் கட்டை அங்கே கப்பலேறிப் போய்த் தமிழ்நாட்டுப் பெண்களின் தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தது. கெடாவிலும் பேராவிலும் இருக்கும் வாசகர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

புகை வேறு, எண்ணெய் வேறு

கட்டையைத் தணலில் போட்டால் வருகிற வாசனையும், அதே கட்டையிலிருந்து வடித்த எண்ணெயின் வாசனையும் ஒன்றல்ல. இது பலருக்குத் தெரியாது. தெரியாததால் கடைக்காரரோடு வீண் சண்டை.

அகிற்பிசினில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. ஒன்று சூடுபட்டு மெல்ல ஆவியாகும் கனமான மணப்பொருட்கள். மற்றது குரோமோன் எனப்படும் வகை. அதற்குத் தன்னளவில் மணம் கிடையாது. தணலின் சூட்டில் உடையும்போதுதான் இனிப்பான, பாயசத்தில் ஏலக்காய் தட்டிப் போட்டாற்போன்ற மணம் வரும். எண்ணெய் வடிப்பவர்கள் கட்டையைச் சிராய் சிராயாக நறுக்கி, நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில், தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு அண்டாவில் ஏற்றிக் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிரவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை எடுப்பார்கள். குரோமோன் கனமானது. ஆவியோடு அவ்வளவாக ஏறி வராது. ஆகவே எண்ணெயில் அந்தப் புகை இனிப்புக் குறைவு. மாறாக ஊறிய புளிப்பும், தோல் செருப்பின் வாடையும், ஈர மரத்தின் ஆழமும் அதிகம். அஸ்ஸாம் எண்ணெயில் மாட்டுக் கொட்டகை வாடை தூக்கலாக இருக்கும். கம்போடிய எண்ணெய் பழம்போல இனிக்கும். போர்னியோ எண்ணெய் இலேசாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் என்று வியாபாரிகள் பிரிப்பார்கள்.

ஒரு கிலோ கட்டையிலிருந்து கிடைக்கும் எண்ணெய் சில கிராம்கள்கூட இல்லாமல் போவதுண்டு. விலை ஏன் அப்படி என்று இனிக் கேட்கமாட்டீர்கள்.

சரி, பெரிய கடைகளில் பீச்சியடிக்கும் சென்ட் பாட்டில்களில் ஊது என்று எழுதியிருக்கிறதே, அது? மேல்நாட்டுச் சென்ட்காரர்கள் இந்த வாசனையைக் கண்டுகொண்டதே அண்மையில்தான். 2002இல் பாரிஸ் நகரத்து ஈவ் செயிண்ட் லோரான் நிறுவனம் எம் 7 என்ற சென்ட்டை ஆண்களுக்கென்று வெளியிட்டது. அப்போது அது அவ்வளவாக விலைபோகவில்லை. 2007இல் டாம் ஃபோர்ட் ஊது வுட் என்று ஒன்றை, ஆணுக்கா பெண்ணுக்கா என்று பிரிக்காமலே கொண்டுவந்தார். ஏலக்காயும் சந்தனமும் கலந்து, கொட்டகை வாடையைத் துடைத்துவிட்டு, வழவழப்பாகச் செய்த வாசனை அது. அதன்பின் ஊது என்ற பெயர் ஒட்டாத கடையே இல்லை.

அந்தப் பாட்டில்களில் பெரும்பாலானவற்றுக்குள் அகில் மரத்தின் எண்ணெய் இருப்பதில்லை, இருந்தாலும் துளிதான். பிறகு எப்படி அந்த மணம்? ஆய்வுக்கூடத்தில் செய்த மணப்பொருட்களோடு சில வேர்களையும் மரங்களையும் சேர்த்து அகிலைப் போல நடிக்கவைக்கிறார்கள். முக்கியமானது நாகர்மோதா. நிரையில் மண்வெட்டி போட்டு நாம் களைந்து எறியும் கோரைக்கிழங்கின் நெருங்கிய சொந்தம்! புகை நெடிக்குப் பூர்ச்ச மரத்துத் தார். ஆழத்துக்கு வெட்டிவர், பச்சூலி. இந்த இரண்டு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வெட்டிவேர், பச்சை இலை. பாரிஸ் கடைக்காரர்கள் இன்றும் தமிழில்தான் விற்கிறார்கள்.

செயற்கை என்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஐம்பது வெள்ளிக்கு நல்ல புகை வாசனை கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஐம்பது வெள்ளிச் சரக்கை ஐந்நூறு வெள்ளிக்கு அசல் அகில் என்று சொல்லி விற்றால் அதுதான் அநியாயம்.

யாருக்கு, எவ்வளவு, எங்கே

ஆண் வாசனை, பெண் வாசனை என்ற பிரிவினை விற்பனைக்காக வந்தது. அரபு நாடுகளில் விருந்து முடிந்ததும் தணற்சட்டியில் அகிலிட்டு ஆண் பெண் இருபாலாரும் உடையில் புகையேற்றிக்கொள்வார்கள். ஜப்பானில் வாசனை முகர்வதையே ஒரு கலையாக வைத்திருக்கிறார்கள். முகர்வது என்று சொல்லமாட்டார்கள், வாசனையைக் கேட்பது என்பார்கள். நம் வீட்டில் சாம்பிராணி போடும்போது இது அப்பாவுக்கு, இது அம்மாவுக்கு என்று பிரித்தா போடுகிறோம்?

ஒன்று சொல்ல வேண்டும். ஒரே எண்ணெய் இருவர் உடம்பில் ஒரே மாதிரி மணக்காது. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் அதிக நேரம் நிற்கும். வறண்ட தோலில் சீக்கிரம் போய்விடும். அவருக்குப் புகை தூக்கலாகவும் உங்களுக்கு இனிப்புத் தூக்கலாகவும் தெரியலாம். ஒரு குப்பியில் இரண்டு வாசனை கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

பூசுகிற முறைக்கு வருவோம். குளித்துத் துவட்டிய உடம்பில் பூசுவது நல்லது. மணிக்கட்டின் உட்புறம், காதின் பின்புறம், கழுத்துக் குழி. நாடி துடிக்கும் இடங்களில் சூடு இருக்கும். அந்தச் சூடு வாசனையை மெல்ல மேலே தள்ளும். மூடியோடு வரும் கண்ணாடிக் குச்சியால் ஒரு தொடு தொட்டால் போதும். இரண்டு மணிக்கட்டையும் சப்பாத்தி மாவு தேய்ப்பதுபோல் தேய்க்கவேண்டாம். சும்மா ஒற்றியெடுங்கள். தோல் வறண்டவர்கள் முதலில் மணமில்லாத எண்ணெய் ஏதாவது ஒரு சொட்டுத் தடவிக்கொண்டு அதன்மேல் வைக்கலாம்.

முதல் கால்மணி நேரம் அந்தப் புளிப்பும் மருந்து நெடியும் வரும். பயந்து கழுவிவிடாதீர்கள். பிறகு விறகுப் புகை, தோல், காய்ந்த கட்டை. இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் புகை தணிந்து இனிப்பு எட்டிப் பார்க்கும். மாலையில் உங்கள் மூக்குக்குத் தெரியாது, பக்கத்தில் உட்காருபவருக்குத் தெரியும். துணியில் பட்டது மறுநாளும் இருக்கும். ஆகவே கல்யாணத்துக்குப் புறப்படும் நேரத்தில் பூசாமல் அரைமணி முன்னதாகவே பூசிவிடுங்கள். மண்டபத்தில் நுழையும்போது கொட்டகையைத் தாண்டி வாசனை சந்தனப் பெட்டிக்கு வந்திருக்கும்.

நம் ஊர் வெயிலையும் வியர்வையையும் மறக்கக்கூடாது. குளிரூட்டிய கடையில் அடக்கமாக இருந்த வாசனை, நண்பகல் பஸ்ஸில் இரண்டு மடங்காகும். பஸ் முழுவதும் உங்கள் வாசனையைச் சுமக்க வேண்டியதில்லையே! பகலுக்கு ஒரு தொடு, இரவு விருந்துக்கு இரண்டு. அதற்குமேல் வேண்டாம். கறுத்த எண்ணெய் வெள்ளை வேட்டியிலும் பட்டுப் புடவையிலும் கறை பிடிக்கும், தோலில்தான் பூசவேண்டும். பீச்சியடிக்கும் சென்ட்டில் சாராயச் சத்து அதிகம். எரியும் குத்துவிளக்குப் பக்கத்தில் நின்று அடிக்கவே கூடாது.

புதிதாக வாங்கியதை முழங்கை உட்புறத்தில் ஒரு துளி வைத்து ஒருநாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள். பிள்ளை பெற்ற வீட்டில் புகை போடுவது நம் வழக்கம்தான். ஆனால் மூடிய அறையில், பச்சைக் குழந்தை பக்கத்தில், எந்தப் புகையும் ஆகாது. அகிற்புகை என்றாலும் புகை புகைதான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அப்படியே.

கையைச் சுட்டுக்கொள்ளாமல் வாங்க

கடைகளில் தோலாக் கணக்கு உண்டு. ஒரு தோலாக் குப்பி என்றால் ஏறக்குறைய 12 மில்லி. கால் தோலா 3 மில்லி. மூன்று மில்லியில் சுமார் 60 சொட்டு இருக்கும். வாரம் ஒரு சொட்டு என்றால் ஒரு வருடத்துக்கு மேல் வரும். ஆகையால் பெரிய குப்பியைக் காட்டி "இது லாபம்" என்றால் மயங்கவேண்டாம். சின்னதே போதும்.

கடையில் காகிதத்தில் தொட்டுக் கொடுப்பார்கள். அதை நம்பி உடனே பணத்தை எடுக்காதீர்கள். கையில் ஒரு தொடு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். சாப்பிடுங்கள், வேறு சாமான் வாங்குங்கள். இரண்டு மணி நேரம் கழித்து முகருங்கள். கலப்படச் சரக்கு முதல் நிமிடத்தில் ஆடும் ஆட்டத்தையெல்லாம் ஆடிவிட்டுப் படுத்துவிடும். அல்லது தொடக்கத்தில் எப்படியோ முடிவிலும் அப்படியே மாறாமல் ஒரே நெடியாக நிற்கும். அசல் எண்ணெய் மாறிக்கொண்டே போகும். "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்துகிற கடையை விட்டு நகர்ந்துவிடுவது புத்திசாலித்தனம்.

கட்டையில் நடக்கும் மோசடி இன்னும் சாமர்த்தியமானது. வெள்ளைக் கட்டைக்குச் சாயமும் எண்ணெயும் ஏற்றிக் கறுப்பாக்குவார்கள். நீரில் மூழ்குகிறதா என்று பார்ப்பீர்கள் என்று தெரிந்து உள்ளே ஈயத்தை வைப்பவர்களும் உண்டு! ஒரு சிராயைத் தணலில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல அகில் பொசுபொசுவென்று எண்ணெய் கொப்பளித்து இனிப்பாகப் புகையும். போலி, விறகு கருகியதுபோல் கண்ணைக் கரிக்கும்.

இதைவிடப் பெரிய பணம் போகும் வழி வேறொன்று. அகில் மரம் நட்டால் சில வருடத்தில் லட்சாதிபதி என்று சொல்லிக்கொண்டு யாராவது உங்களிடம் வரலாம். குறிப்பாக, ஊழியர் சேமநிதிப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்திருக்கும் வீட்டை இவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். மரம் வளர்ப்பதில் பொய்யில்லை. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் நம் நாட்டில் பலர் காராஸ் நட்டார்கள். ஆனால் நட்ட மரம் சும்மா நின்றால் வெள்ளைக் கட்டைதான். ஐந்தாறு ஆண்டு வளர்த்து, துளையிட்டுப் பூஞ்சணமோ மருந்தோ ஏற்றி, மறுபடி காத்திருக்க வேண்டும். ஏற்றியும் சில மரங்களில் சரியாகப் பிசின் பிடிக்காது. நடுவில் ஒருவகைப் புழு வந்து இலை முழுவதையும் மொட்டையடிக்கும். கிடைக்கும் கட்டையும் பெரும்பாலும் காட்டு அகிலின் தரத்துக்கு வராது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: நிலம் யார் பெயரில்? மருந்து ஏற்றும் செலவு யாருடையது? கடைசியில் வாங்குபவர் யார், என்ன விலைக்கு, எழுத்தில் தருவாரா? பதில் வராவிட்டால் பணம் சேமநிதியிலேயே கிடக்கட்டும். மரத்தைப் பற்றி விவரம் தெரிய வேண்டுமானால் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறது, அங்கே விசாரிக்கலாம்.

தோட்டத்தை ஒட்டிய காட்டில் ஒரு காராஸ் மரம் கண்ணில் பட்டதென்று கத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விடவும் கூடாது. உள்ளே அகில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாததால், தேடிப்போகிறவர்கள் வெறும் மரங்களையும் சேர்த்துச் சாய்த்துவிட்டார்கள். 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்த மரத்தை மிகவும் ஆபத்தான நிலையில் உள்ளவற்றோடு சேர்த்தது. காப்புக் காட்டில் உரிமமின்றி எடுப்பது 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி குற்றம். நாடுவிட்டு நாடு கொண்டுபோவதற்கும் 1995 முதல் அனைத்துலகக் கட்டுப்பாடு இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கோ சிங்கப்பூருக்கோ உறவினருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அனைத்துலக விதியின்படி, சொந்த உபயோகத்துக்காக ஒருவர் 1 கிலோ வரை சிராய், 24 மில்லி வரை எண்ணெய், இரண்டு மாலை அல்லது வளையல் வரை அனுமதிச்சீட்டு இல்லாமல் எடுத்துச் செல்ல இடமுண்டு. சில நாடுகள் இதைவிடக் கண்டிப்பாக இருக்கலாம். புறப்படுமுன் அந்நாட்டுச் சுங்க இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். குப்பியை வெயில் படாத அலமாரியில், மூடியை இறுக்கி, நிமிர்த்தி வையுங்கள். குளியலறையிலும் சாமி விளக்குப் பக்கத்திலும் வேண்டாம். அப்படி வைத்த அகில் எண்ணெய் வருடங்கள் போனாலும் கெடாது. முதலில் இருந்த புளிப்புக்கூடக் குறைந்துபோகும்.